சாவிக்காரன் நாற்காலி

‘சாம்பல் கோட்டை’ என்ற மாயாஜாலத் தொடரில் இதுவரை ஐந்து பாகங்கள் வந்திருக்கின்றன. ஆறாம் பாகத்தை எழுதாமலே ஆசிரியர் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் முயல் வளர்க்கப் போய்விட்டார். அவர் போனதும் நல்லதாகப் போயிற்று. ஊரில் இருந்திருந்தால் வாசகர் பேரவை இவ்வளவு செழிப்பாக வளர்ந்திருக்க முடியாது. யாராவது ஒரு அவசரக்காரர் அவரிடமே நேரில் போய்க் கேட்டுத் தொலைத்திருப்பார்.

கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். நாலாம் பாகத்தின் முடிவில், எதிரிகள் சூழ்ந்திருக்கும் கோட்டையின் பின்வாசலைச் சாவிக்காரன் என்ற ஒருவன் திறந்துவிடுகிறான். உள்ளே பசியில் கிடந்த குழந்தைகள் அந்த வழியாகத் தப்பிப் போகிறார்கள். அதே வழியாக எதிரிப் படை உள்ளே வருகிறது. கோட்டை போய்விடுகிறது. ராணி அந்த நேரம் அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவன் அவளை எழுப்பவில்லை. இப்போது சொல்லுங்கள், அவன் துரோகியா, தியாகியா?

நாலு பேரைப்போல இருப்பவர்கள் இதைப் படித்தால் “அடப் பாவமே” என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். பேரவையிலும் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். பாவம் அணி என்று பெயர். கொள்கைத் தெளிவு இல்லை என்று சொல்லி அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை துரோகி அணியும் தியாகி அணியும். இரண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி டீ ஃபிளாஸ்க். கணவன் ஓர் அணியிலும் மனைவி மறு அணியிலுமாக இருப்பவர்கள் ஒரே ஸ்கூட்டரில் வந்து, தெருமுனையில் இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு வாசலுக்கு நடப்பார்கள். கழிப்பறையையும் அணிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அரங்கத்தில் இருந்தது ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. அந்த ஒரு வாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இது எதுவும் தெரியாமல்தான் டிரைவிங் மாஸ்டர் அன்று மாலை அங்கே வந்து சேர்ந்தார்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பழகுகிறவர்கள் ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பார். பிறருக்காகப் பிரேக் போட்டே பாதி ஆயுள் போனது; முதுகும் அதோடு போனது. வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தி வெகு நாளாயிற்று. டிவியில் கார் வேகமாக வந்தாலும் அது தரையை அழுத்தும். ஒருமுறை சம்பந்தமே இல்லாத ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை சரி என்று தலையாட்டியபோதுகூட அழுத்தியது.

அவருடைய ஒரே மகள் அன்று சாயங்கால பஸ்ஸில் வேறு ஊருக்குக் கல்லூரியில் சேரப் போகிறாள். அவளுடைய பெட்டி கார் டிக்கியில் இருந்தது. ஆனால் அவள் அவரோடு பேசியது பரீட்சை முடிந்த நாளோடு சரி. மேனேஜர்தான் காரணம்.

மேனேஜர் என்பது அவர்கள் வீட்டு நாய். வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டு, வேலை எதுவும் செய்யாமல், வேலை செய்ய வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும் என்பதால் அந்தப் பெயர். மகளும் அதுவும் ஒன்றாக வளர்ந்தவர்கள். கிழடாகி, சிறுநீரகம் இரண்டும் கெட்டு, இனி வேதனைதான் என்று டாக்டர் சொன்னபோது மகளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை. தனியாகத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு முடித்துவிட்டார். முடித்ததோடு விட்டாரா? டாக்டரிடம் விட்டிருக்கிறேன், தேறிவருகிறது என்று பரீட்சை முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு அவள் அதற்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான். “அந்த மனுஷனை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு.” “அவகிட்ட சாப்பாடு ஆறிப் போகுதுன்னு சொல்லு.” தபால்காரி வேலை பார்த்து அலுத்துப்போன மனைவி அன்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“அவ ஏதோ விசாரணைக் கூட்டமாம், அங்க இருக்கா. போய்க் கூட்டிட்டு வந்து பஸ் ஏத்துங்க. ஏத்தறதுக்குள்ள ஒரு வார்த்தையாவது அவளைப் பேச வைங்க. இல்லேன்னா நானும் உங்ககூடப் பேசறதை விட்டுடறேன், வேலையாவது மிச்சம்.”

அரங்கத்து வாசலில் கைப்பட்டை கட்டிய ஒருவர் வழிமறித்து, துரோகியா தியாகியா என்று கேட்டார். மாஸ்டர், டிரைவிங் ஸ்கூல் என்றார். அப்படி ஓர் அணி இல்லை என்று பதில் வந்தது. எந்தப் பக்கம் படி குறைவு என்று மாஸ்டர் விசாரித்தார். துரோகி பக்கம்தான் குறைவு. முதுகை முன்னிட்டு அவர் துரோகியாக உள்ளே போனார்.

உள்ளே நிற்க இடமில்லை. துரோகி அணியின் முதல் வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அந்த அணியின் தலைமைப் பேச்சாளர் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரைப் பார்த்ததும் அவள் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தாள். மாஸ்டர் அவள் கண்ணில் படும்படி நிற்கலாம் என்று முன்னால் நகர்ந்தார். முதுகு பளீரென்று இழுத்தது. மேடைக்குக் கீழே, நட்டநடுவில், மெத்தை போட்டுக் கை வைத்த ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு சுகமான நாற்காலி என்று தெரிந்தது. அதற்கப்புறம்தான், அரங்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை என்பது தெரிந்தது.

விஷயம் இதுதான். பேரவை ஆண்டுதோறும் சாவிக்காரனை விசாரிக்கிறது. அச்சில் இருக்கும் ஆளைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதால் அவனுக்காக ஒரு காலி நாற்காலி போடுவது வழக்கம். ‘நாற்காலியில் இருப்பவரே சாவிக்காரன், தீர்ப்பு வரும்வரை அவர் எழக் கூடாது’ என்று ஒரு விதியும் உண்டு. படிக்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று எழுதி வைத்தது. ஒருவன் வந்து உட்காருவான் என்று யார் கண்டார்கள்?

செயலாளர் எழுந்தார். தொழிலில் அவர் பல் டாக்டர். அடுத்தவர் வாயில் கருவியை வைத்துவிட்டுக் கேள்வி கேட்டுப் பழகியவர். பதில் வராவிட்டால் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார். விதியை இருமுறை வாசித்தார். மாஸ்டர், தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன், எழுந்துகொள்கிறேன் என்றார். எழுந்தால் தப்பி ஓடுவதாக ஆகும், சாவிக்காரன் நாலாம் பாகத்தில் செய்ததும் அதுதான் என்றார் செயலாளர். துரோகி அணி கைதட்டியது. சாவிக்காரன் ஓடவில்லை, வெளியேறினான் என்று தியாகி அணி மேசையைத் தட்டியது. மாஸ்டர், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். சாம்பல் கோட்டையில் பஸ் கிடையாது என்பதால் அந்த வார்த்தை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

விசாரணை தொடங்கியது. இத்தனை காலம் காலி நாற்காலியைத் திட்டியே சலித்திருந்த துரோகி அணிக்கு ரத்தமும் சதையுமாக ஓர் ஆள் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, கோட்டைக்குள் செத்த ஒவ்வொரு வீரனின் பெயரையும் சொல்லி, இவன் உனக்கு என்ன கெடுதல் செய்தான், இவன் உனக்கு என்ன கெடுதல் செய்தான் என்று கேட்டார். மாஸ்டர் ஒவ்வொரு பெயருக்கும் வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவிப்பதிலிருந்தே குற்றம் நிரூபணமாகிறது என்றார் ஏஜென்ட். பதினேழாவது பெயரோடு மாஸ்டர் பேசாமல் இருந்து பார்த்தார். கல்நெஞ்சன் என்றார்கள்.

தியாகி அணியும் சளைக்கவில்லை. அழகு நிலையம் நடத்தும் ஓர் அம்மாள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை நினைத்து நான் ஒழுங்காகச் சாப்பிட்டே வருஷக்கணக்காகிறது என்று விம்மினாள். அவளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனால் மாஸ்டர் அதைச் சொல்லவில்லை. தியாகி ஃபிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் எதிரணியின் டீயைக் குடிப்பது சாட்சியைக் கலைப்பதாகும் என்று துரோகி அணி தடுத்தது. பிறகு துரோகி ஃபிளாஸ்கிலிருந்து சர்க்கரை இல்லாத டீ வந்தது. இரண்டையும் ஒரே தம்ளரில் கலந்து கொடுப்பதுதான் நடுநிலை என்று பேரவைத் தலைவர் தீர்ப்பளித்தார். மாஸ்டர் அதைக் குடித்தார். நடுநிலை ஆறிப்போயிருந்தது.

அடுத்து, அவரைச் சோதனை போட வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். கைப்பட்டைக்காரர் வந்து சட்டைப் பையில் கைவிட்டார்.

கார் சாவி வெளியே வந்தது.

அரங்கம் எழுந்து நின்றது. பேரவை வரலாற்றில் இப்படி ஒரு தடயம் சிக்கியதே இல்லை. அது டிரைவிங் ஸ்கூல் கார் சாவி என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். பின்வாசல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாவிக்காரனும் இப்படித்தானே சாதாரணமாகப் பேசினான் என்றார்கள். ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, தலைவரின் மேசைமேல், எல்லோர் பார்வையிலும் படும்படி வைத்தார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது மகள் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் விரல்கள் மட்டும் கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தன. மாஸ்டருக்கு அது தெரிந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிறர் கையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர் அல்லவா?

யாரோ ஒரு புது உறுப்பினர், விவரம் போதாதவர், இந்த ஆண்டாவது தீர்ப்பைச் சொல்லிவிடலாமே என்று கேட்டுவிட்டார். தலைவர் மைக்கைப் பிடித்தார். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. நிதானமானவர்.

“நண்பர்களே, தீர்ப்பு என்பது என்ன? முடிவு. முடிந்துவிட்டால்? அடுத்த மாதம் எதற்குக் கூடுவோம்? இந்தப் பேரவை யாருக்கும் சார்பானது அல்ல. உண்மைக்கும் சார்பானது அல்ல. நான் முப்பது வருஷம் அலுவலகத்தில் இருந்தேன்; ஒருவரும் என் பேச்சை உட்கார்ந்து கேட்டதில்லை. வீட்டில் என்னை ‘இந்தாங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே ‘தலைவரே’ என்கிறீர்கள். அந்தச் சாவிக்காரன் துரோகியாக இருந்தால் என்ன, தியாகியாக இருந்தால் என்ன, என்னை இந்த மேடையில் ஏற்றியவன் அவன்தான். அவனை அவ்வளவு சுலபமாக விடுதலை செய்துவிட முடியுமா? தண்டித்துவிடத்தான் முடியுமா?”

இரு அணிகளும் ஒன்றாகக் கைதட்டிய அபூர்வத் தருணம் அது.

பிறகு துரோகி அணியின் தலைமைப் பேச்சாளரை அழைத்தார்கள். மகள் மைக் முன்னால் வந்தாள். தலைவரைப் பார்த்து, குற்றவாளியை ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள். குற்றம் சாட்டப்பட்டவர் என்று செயலாளர் திருத்தினார்.

“எனக்குக் குற்றவாளிதான் சார்,” என்றாள்.

பிறகு மெல்லத் திரும்பினாள். மாதக்கணக்கில் திரும்பாத முகம்.

“சாவி உங்க கையில இருந்துச்சு. ராணி தூங்கிட்டு இருந்தா. ஏன் எழுப்பல?”

மாஸ்டருக்குச் சாவிக்காரனையும் தெரியாது, ராணியையும் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை மட்டும் தெரியும்.

“எழுப்பலாம்னுதான் வந்தேன்,” என்றார். “கதவுகிட்ட நின்னேன். நீ புத்தகத்து மேலயே தலைய வெச்சுத் தூங்கிட்டு இருந்தே. பேனாவைக்கூட மூடல.”

“அதனால?”

“எழுப்பினா வேணாம்னு சொல்லுவே. நீ வேணாம்னு சொல்லிட்டா என்னால முடியாது. அது மூச்சுவிட முடியாமத் திணறிட்டுக் கிடந்துச்சும்மா. இன்னும் ரெண்டு நாள் அப்படியே கிடந்திருக்கும். உனக்கு மறுநாள் பரீட்சை.”

“பரீட்சைக்கே போயிருக்க மாட்டேன்.”

“தெரியும். அதான் கேக்கல.”

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் புத்தகத்தின் பக்கங்களை வேகவேகமாகப் புரட்டினார். பேனாவும் பரீட்சையும் எந்த அத்தியாயம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

“சரி, செஞ்சீங்க. அப்புறம் எதுக்குப் பொய்? டாக்டர்கிட்ட இருக்கு, நல்லா சாப்பிடுதுன்னு தினமும் சொன்னீங்களே. நான் பிஸ்கட் வாங்கிட்டு வந்தேன்.” மைக்கைக் கிட்டே இழுத்தாள். “எல்லாருக்கும் நீங்களே பிரேக் போட்டுடுவீங்க. ஓட்டறவங்களைக் கேக்கவே மாட்டீங்க.”

“கேட்டுப் பழக்கமில்ல.”

“தப்புதானே?”

மாஸ்டர் கொஞ்ச நேரம் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்புதான்,” என்றார். “அந்த நாயை மறுபடி அந்த நிலைமையில பார்த்தா மறுபடியும் தூக்கிட்டுத்தான் போவேன். ஆனா உன்கிட்ட சொல்லாம செஞ்சது தப்புதான்.”

இரு அணிகளிலும் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அந்த ஒரு நிமிஷம் பேரவை கலைந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மனிதர்களாகவே போயிருப்பார்கள்.

அப்போதுதான் செயலாளர், “நாய்?” என்றார்.

ஐந்து பாகங்களிலும் நாய் எங்கே? இரண்டாம் பாகத்தில், ஒரே ஒரு வாக்கியத்தில், ஒரு நாய் பாலத்தைக் கடக்கிறது என்று அழகு நிலைய அம்மாள் கண்டுபிடித்தாள். அதுவரை யாரும் அந்த நாயை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது அதைச் சுற்றி நாற்காலிகள் நகர்ந்தன. மூச்சுத் திணறும் அந்த நாய்தான் கோட்டை, கோட்டையைக் கருணைக்கொலை செய்தவன் தியாகி என்றது ஓர் அணி. அப்படியானால் நாய் பாலத்தைக் கடந்து எதிரிப் பக்கம் போனது ஏன், நாயே துரோகி என்றது மற்றோர் அணி. பிஸ்கட் எதைக் குறிக்கிறது என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. அதற்குத் தலைமை யார் என்பதில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தியாகி ஃபிளாஸ்கைக் கவிழ்த்தார். கடைசி வரிசையில், கலைக்கப்பட்ட பாவம் அணியைச் சேர்ந்த ஒரு பெரியவர் எழுந்து, “பாவங்க அந்தப் பொண்ணு,” என்றார். அவரை வெளியேற்றினார்கள்.

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மைக்கை அணைத்தாள். நேராகத் தலைவரின் மேசைக்குப் போய், வெள்ளைத் துணிமேல் இருந்த சாவியை எடுத்தாள்.

அது தடயம், தொடக் கூடாது என்றார் செயலாளர்.

“கார் சாவி சார்,” என்றாள். பிறகு, “எழுந்திருங்கப்பா,” என்றாள்.

“தீர்ப்பு வரலையேம்மா,” என்றார் மாஸ்டர். இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் அவருக்கும் லேசாக விதி ஒட்டிக்கொண்டிருந்தது.

“அது வராது. எழுந்திருங்க.”

துரோகி வாசலில் துரோகிகளும் தியாகி வாசலில் தியாகிகளும் மோதிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு மூன்றாவது கதவு உண்டு. அதைத் திறந்தால் யாருக்குச் சாதகம் என்பதில் உடன்பாடு ஏற்படாததால் அது திறக்கப்பட்டதே இல்லை. தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. மகள் கார் சாவியின் முனையை அதில் கொடுத்து நெம்பினாள். யாரையும் கேட்கவில்லை. கதவு ஒரு முனகலோடு திறந்தது. வெளிச்சமும் தெருச் சத்தமும் திபுதிபுவென்று உள்ளே வந்தன.

பின்னாலிருந்து துரோகி என்று ஒரு குரல் கேட்டது. தியாகி என்று இன்னொரு குரல். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் யாருடைய பெயரை எழுதுவது என்று உள்ளே அப்போதே தகராறு தொடங்கிவிட்டிருந்தது.

அவள் கார்க் கதவைத் திறந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். மாஸ்டர் பழக்கப்படி பக்கத்தில் ஏறினார். காலடியில் அவருடைய பிரேக் இருந்தது. அவர் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து, சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார். முதுகு கெஞ்சியது. பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

கார் தெருமுனையைத் தாண்டியது.

“அது கடைசியா என்ன பண்ணுச்சு?” என்று கேட்டாள், ரோட்டைப் பார்த்தபடியே.

“டாக்டரைப் பார்த்துக் குரைச்சுது,” என்றார். “ஊசி எடுத்துட்டு வந்தாரில்ல. வேலை செய்ய வந்தவர்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று பக்கவாட்டில் சரியாகத் தெரியவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கியரை மாற்றினாள்.

“இனிமே என்னைக் கேக்காம எதுவும் செய்யாதீங்க.”

“கேக்கறேன்.”

பஸ் நிலையத்துக்கு முந்தின திருப்பத்தில், ஒரு சந்திலிருந்து லாரி ஒன்று பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. மாஸ்டரின் வலது கால் சீட்டுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்தது. பெடலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் அதை அங்கேயே பிடித்து வைத்தார்.

“பிரேக் போடட்டுமாம்மா?” என்று கேட்டார்.

அதற்குள் அவள் போட்டுவிட்டிருந்தாள். லாரியின் பின்பலகை கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. டிக்கியில் பெட்டி உருண்டு முட்டியது.

“இதையெல்லாம் கேட்டுட்டு இருந்தா செத்துருவோம்பா,” என்றாள் மகள்.